அண்ணன் ஆட்டாத பூச்சி

திங்கட்கிழமை காலை என் வலது கண்ணில் அண்ணன் கத்தி வைக்கப் போகிறான். ஞாயிற்றுக்கிழமை காலை அவன் வீட்டுச் சமையலறையில் நின்று, அண்ணி காபி ஊற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு முழு டம்ளர், அவனுக்கு அரை டம்ளர்.

"என்ன அண்ணி, அவனுக்கு மட்டும் ரேஷனா?"

"வேணும்னா மறுபடி ஊத்திக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அண்ணி பாத்திரம் கழுவத் திரும்பிக்கொண்டாள். முழு டம்ளர் என்றால் அவன் கையில் தளும்பிவிடும். அவளுக்கும் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

போன மாதம் கண்புரை என்று சொல்லிப் பரிசோதித்தபோது, என் இமையைத் தூக்கிப் பிடித்த அவன் விரல் நடுங்கியது. லேசாகத்தான். ஏசி குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவன் சாவி போடுவதும் பேனா பிடிப்பதும் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டுவதும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. மற்றதெல்லாம் மங்கலாகத் தெரிகிற கண்ணுக்கு இது மட்டும் எப்படித்தான் தெரிந்ததோ!

எங்கள் குடும்பத்தில் கண் என்றால் அண்ணன்தான். அம்மா, சித்தப்பா, அண்ணியின் அப்பா எல்லோரும் அவன் ஆபரேஷன் மேஜையில் படுத்து எழுந்து, சுவர்க் கடிகாரத்தைப் படித்துக் காட்டியவர்கள். அவனிடம் போய், 'உன் கை நடுங்குகிறது, நான் வேறு டாக்டரிடம் போகிறேன்' என்று எந்த வாயால் சொல்வது? சொல்லாமல் போய்ப் படுத்தால், போவது என் கண். நான் பள்ளி வேன் ஓட்டுகிறவள். கண் போனால் வேலையும் போச்சு. வாயாடி என்று ஊரெல்லாம் பேர் வாங்கியவளுக்கு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி மனசு லேசா இருக்கணும், வாடி" என்று அண்ணன் என்னை மீன் பிடிக்க ஆற்றுக்கு இழுத்துப்போனான். வழியெல்லாம் நான் சீட் பெல்ட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டியரிங்கை அவன் இறுக்கிப் பிடித்திருந்தான். அப்படிப் பிடித்தால் எந்தக் கையும் ஆடாது.

கரைப் பாறைகளில் கல்பூச்சிகள் கழற்றிப் போட்ட தோல்கள் ஒட்டிக்கிடந்தன. அது தண்ணீருக்கடியில் கல்லோடு கல்லாகக் கிடந்து வளர்கிற பூச்சி. ஒருநாள் பாறை மேல் ஏறித் தோலை உரித்துவிட்டு இறக்கையோடு கிளம்பும், பிறகு முட்டையிட ஆற்றுக்கே திரும்பும். அந்த நேரம் பார்த்து, புதர் நிழலில் மலையாற்று மீனான ட்ரவுட் காத்திருக்கும். நாங்கள் வீசுவது அந்தப் பூச்சியைப் போலவே கட்டிய பொய்ப்பூச்சி. சின்னத் தூண்டில் முள், அதைச் சுற்றி ஆரஞ்சு நூல், முதுகில் இறக்கைக்குப் பதில் மான் முடி. தண்ணீரில் முங்காமல் மிதக்கும்.

"கொடு, நான் கட்டித் தரேன்" என்று முள்ளை வாங்கினான். தூண்டில் நரம்பு முள்ளின் காதுக்குள் நுழையவில்லை. எச்சில் தொட்டுப் பார்த்தான். முழங்கையை விலாவில் அழுத்திக்கொண்டு பார்த்தான். "இந்த நரம்பு சுத்த மோசம்" என்றான். நான் எதிர்க்கரையைப் பார்த்தபடி நகத்தைக் கடித்தேன். ஒருவழியாக நுழைந்தது.

"பம்பரம், கொஞ்ச நேரம் ஒரு இடத்துல நில்லேன். நீ குதிக்கிற குதியில மீனெல்லாம் ஓடிடும்."

பம்பரம் என்பது நான்தான். சின்ன வயதிலிருந்தே எனக்கு அந்தப் பேர்.

"பூச்சியப் போட்டியா, விட்டுடு. ஆட்டாதே. தண்ணி போற போக்குல பூச்சி போகட்டும். செத்த மாதிரி கெடக்கணும், தெரியுதா?"

தூண்டில் பிடித்த நாளிலிருந்து அவனுக்கு இது வேதம். ஆபரேஷன் அறையிலும் இதையேதான் சொல்வான் என்று அவனுடைய நர்ஸுகள் சிரிப்பார்கள். நான் என்றைக்கும் கேட்டதில்லை. போட்ட கையோடு சுண்டுவேன், இழுப்பேன், இடம் மாறுவேன். அன்றைக்கு என்னவோ அவன் பேச்சைத் தட்ட மனம் வரவில்லை. இந்த ஒரு நாளாவது அவன் சொன்னபடி கேட்போம் என்று மரம்போல நின்றேன். உள்ளே திங்கட்கிழமை குடைந்துகொண்டிருந்தது.

என் பூச்சி செத்த மாதிரியே மிதந்து வந்தது. மீன்களும் அதைச் செத்ததாகவே மதித்தன. அண்ணனுக்கோ போட்டால் ஒன்று, எடுத்தால் ஒன்று. ஒவ்வொன்றையும் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூண்டில் கம்பைப் பாறையில் சாய்த்துவிட்டு அவன் பக்கத்தில் போய், நல்ல கண்ணால் உற்றுப் பார்த்தேன்.

அவன் பூச்சி மட்டும் உயிரோடு இருந்தது. முட்டையிட வந்த நிஜப் பூச்சி இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொள்ளுமே, அச்சு அசல் அப்படியே. அதைச் சுற்றிக் குட்டிக் குட்டி வளையங்கள் கிளம்பியபடி இருந்தன.

"இது போங்காட்டம் அண்ணா! என்னை ஆட்டாதேன்னு சொல்லிட்டு நீ மட்டும் நல்லா ஆட்டறியே!"

துணிச்சலெல்லாம் ஒன்றுமில்லை, வெறும் வயிற்றெரிச்சல். வார்த்தை வெளியே போன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

"நான் எங்கடி ஆட்டறேன்? கையைப் பாரு, சும்மாதான..."

தன் கையைப் பார்த்தான். அங்கிருந்து அவன் பார்வை கம்பு வழியே மெல்லப் போனது. பிடியில் கண்ணுக்கே தெரியாத நடுக்கம் நுனியில் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு கையாலும் பிடித்தான். மூச்சை அடக்கினான். வளையங்கள் நிற்கவில்லை. ஒரு பெரிய மீன் மேலே வந்து பூச்சியைக் கவ்வியது. அவன் இழுக்கவில்லை. அது பொய் என்று தெரிந்து துப்பிவிட்டுப் போனது.

"காத்துண்ணா" என்றேன். ஒரு இலைகூட அசையவில்லை.

கரையேறி உட்கார்ந்தான். என்னால் உட்கார முடியவில்லை. அவனைச் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

"மேஜையில மணிக்கட்டை ஊனிக்கலாம்டி. அங்க ஆடாது, இதுவும் தூக்கம் பத்தாமதான்னு நெனச்சுட்டு இருந்தேன்" என்றான். "உனக்கு எப்பத்துலேருந்து தெரியும்?" என்று கேட்டான்.

"நீ என் இமையைத் தூக்கினியே, அன்னிக்கே."

"தெரிஞ்சும் நாளைக்கு வந்து படுக்கறேன்னியா?"

"உன்கிட்ட வரமாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"உனக்கென்ன பைத்தியமா? கண்ணுடி! போச்சுன்னா நான் எங்க போய்க் கொண்டு வருவேன்?" என்று கத்தினான்.

"நீ ஏன் சொல்லல? டாக்டர் நீயா நானா?" என்று நானும் கத்தினேன். எதிர்க்கரைப் புதரிலிருந்து பறவைகள் எழுந்து பறந்தன.

அவன் செல்போனை எடுத்தான். அவனிடம் வேலை பார்க்கும் சின்ன டாக்டரம்மாவைக் கூப்பிட வேண்டும் என்றான். விரல் திரையில் எங்கோ பட்டு, அவனுக்கு முடி வெட்டுகிறவர் எடுத்தார். "சார், எப்ப வரீங்க, சீட் போட்டு வைக்கட்டுமா?" என்றார். "அப்புறம் வரேன்பா" என்று வைத்தான். மறுபடி அழுத்தினான், மறுபடியும் அவரே. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தால் அழுகை வந்தது. அவன் போனை என்னிடம் நீட்டினான்.

நான் டாக்டரம்மாவின் பெயரை அழுத்திக் கொடுத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வலது கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அது என் இரண்டு கைக்குள்ளும் நடுங்கியது.

"நாளைக்கு என் தங்கச்சிக்கு நீதான் பண்ணணும்" என்றான் போனில். அவள் ஏதோ கேட்டாள். "இல்லம்மா, அவளுக்கு மட்டும் இல்ல. என் பேர்ல இருக்கிற எல்லாரையும் நீ எடுத்துக்கோ."

அவன் காரணம் சொல்வதற்கு முன்பே அந்தப் பக்கம் அவள் பதறிப்போய், தூக்கம் இல்லாததால் இருக்கும், நாலு நாள் ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்று என்னென்னவோ சொன்னது எனக்கே கேட்டது. அண்ணன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

"தூக்கத்தால இல்லம்மா, கைதான்" என்றான்.