செவலை போட்ட பாங்காக் திட்டம்

தீர்த்தமலை இருக்கும் திசை பார்த்துக் கற்பூரம் அடித்துச் சத்தியம்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

கடத்தூர் மாதுவுக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரே ஆசை. நாலு நாளாவது விடிந்த பிறகு எழுந்திருக்க வேண்டும். கறவை மாடு வைத்திருப்பவனுக்குத் தீபாவளியும் கிடையாது, காய்ச்சலும் கிடையாது. அதனால் தனக்கும் மனைவி கோகிலவாணிக்கும் மூன்று மாதம் தள்ளிப் பாங்காக்குக்கு டிக்கெட் போட்டார். அங்கே என்ன பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்டவர்களிடம், தலையணையை என்றார்.

இடைஞ்சல் செவலைதான். அந்தப் பசு மாதுவுக்கு மட்டுமே பால் இறக்கும். கறந்து தர ஒப்புக்கொண்ட பக்கத்து வீட்டுச் சிவக்குமார், மாதுவின் லுங்கியைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்தார். செவலை மோந்து பார்த்தது. உதைத்த உதையில் பொம்மிடி ரயில்வே கேட் தாண்டி விழுந்தவர், பஸ் பிடித்துத்தான் வீடு திரும்பினார்.

வீடியோ கால் கோகிலவாணியின் யோசனை. மாது கொல்லையில் நின்று போனில் முகம் காட்ட, சிவக்குமார் கறக்க, செவலை சமர்த்தாக எட்டு லிட்டர் இறக்கியது. ஆனால் முகத்துக்குப் பின்னால் தெரியும் இடத்தையும் அது கவனித்தது. ஒத்திகைக்காக மாதுவின் முதுகுக்குப் பின்னால் பாங்காக் படங்களைத் தொங்கவிட்டார்கள். ஆற்றுப் படகுக்கு ஒன்பது லிட்டர். புத்தர் கோயிலுக்குப் பத்து. கடைவீதி நெரிசலுக்குக் காலைத் தூக்கியது. ஹோட்டல் கட்டிலைப் பார்த்ததும் மடியை இறுக்கிக்கொண்டது. ஒரு சொட்டு இல்லை.

ஆகத் திட்டத்தைச் செவலைதான் போட்டது. இங்கே விடியற்காலை ஐந்து மணிக் கறவை என்றால் அங்கே மணி ஆறரை. அந்நேரம் கோயில் வாசலில் நிற்க வேண்டும். சாயங்காலக் கறவைக்குப் படகு.

"ஏங்க, ஆறரைக்குக் கோயில்ல நிக்கணும்னா அஞ்சுக்கே எந்திரிக்கணுங்க," என்றார் கோகிலவாணி.

"அங்க அஞ்சுன்னா நம்மூருல மூணரை. வூட்டுல கெடந்தா அஞ்சு வரைக்குமாச்சும் தூங்குவேன்."

"அப்ப நீங்க கெடங்க. எம் மூஞ்சிய அது கேக்கல, நான் போயிட்டு வந்துடறேன்."

மாதுவின் சீட்டில் கைப்பையை வைத்துக்கொண்டு கோகிலவாணி பறந்தார். ஒரு மாட்டுக்காக இந்த மனுஷன் வெளிநாட்டையே விட்டாரே என்று கடத்தூர் உச்சுக் கொட்டியது. மாது நாலு நாளும் வெயில் ஏறும் வரை வாசல் பக்கம் தலைகாட்டவில்லை.

அந்த மாதம் செவலை எட்டு மாதச் சினை. பால் வற்றி ஐந்து வாரம் ஆகியிருந்தது.