அடுத்த நடை

மாத்பர் வீட்டு மாட்டுக்கொட்டகை ஆற்றோடு போய்விட்டது என்று ஹாஸ்னா ஓடி வந்து சொன்னபோது, மொர்ஜினா அடுப்பில் கீரையைக் கிளறிக்கொண்டிருந்தாள். கிளறுவதை நிறுத்தவில்லை.

"வீட்டுக்கும் ஆத்துக்கும் எவ்வளவு இருக்கு?"

"நாலு முழம் இருந்தாப் பெருசு அக்கா. வீட்டப் பிரிக்க எல்லாரும் போயாச்சு. உன்னயக் கூட்டியாரச் சொன்னாரு."

"யாரு, மாத்பரா? என் பேரெல்லாம் ஞாபகம் இருக்கா அந்த மகராசனுக்கு?"

வங்கதேசத்து ஜமுனா ஆற்றின் நடுவில் கிடக்கிற இந்த மணல்திட்டில், ஆறு ஒரு வீட்டைத் தின்ன வந்தால் யாரும் அழைப்புக்குக் காத்திருப்பதில்லை. நேற்று வரப்புத் தகராறில் மண்டையை உடைத்தவனும் இன்று வந்து தகரம் சுமப்பான். நாளை அவன் வீடு. அதனால்தான் இங்கே யாரும் வீட்டுக்கு ஆணி அடிப்பதில்லை. எல்லாம் கம்பிக்கட்டு. அரை நாளில் அவிழ்த்துப் படகில் ஏற்றிவிடலாம். மொர்ஜினாவே கல்யாணமாகி வந்த பிறகு ஏழு தடவை அவிழ்த்துக் கட்டிவிட்டாள். புருஷன் டாக்காவுக்கு ரிக்ஷா இழுக்கப் போய்த் திரும்பாத பிறகு தனியாகவே மூன்று தடவை.

தொபாரக் மாத்பர் மட்டும் ஆணி அடித்தார். ஊருக்குப் பெரிய மனிதர் அல்லவா! போன வெள்ளம் வடிந்ததும் இங்கே வந்து வீடு கட்டி, "கட்டி கட்டி அவுக்குறது பஞ்சப் பரதேசிங்க பொழப்பு. நான் இனி நகர மாட்டேன்" என்று டீக்கடையில் நெஞ்சை நிமிர்த்தினார். இப்போது ஆணியெல்லாம் துருப்பிடித்துத் தகரத்தைக் கவ்விக்கொண்டிருக்கிறது. மேலே ஏறி ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். மூங்கில் சட்டங்களைப் புழு அரித்துவிட்டது, ஆண்கள் ஏறினால் தாங்காது. எடையே இல்லாத, ஆனால் கூரை வேலை தெரிந்த ஆள் வேண்டும். அரைவயிற்றுச் சோற்றில் உடம்பில் சதை ஒட்டாத மொர்ஜினாவை விட்டால் திட்டில் வேறு யார்?

அவள் சட்டியை இறக்கி மூடிவிட்டுப் போனாள்.

மாத்பர் தன் கையாலேயே சுத்தியலைக் கொடுத்தார். "சீக்கிரம் மகளே" என்றார்.

மகளே! அந்த வெள்ளத்தன்றும் இப்படித்தான் இனிக்க இனிக்கப் பேசினார். கழுத்தளவு தண்ணீரில், நாலு வயது மகள் ஷெஃபாலியைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றபோது இவருடைய படகு பக்கத்தில் வந்தது. மொர்ஜினா தாவி, அதில் அடுக்கியிருந்த தகரத்தின் விளிம்பைப் பிடித்தாள். உள்ளங்கை கிழிந்தது. "இவ ஒருத்திய மட்டும் சாச்சா" என்றாள். "தகரத்த எறக்கிட்டு வந்துர்றேன் மகளே. அடுத்த நடையில ஏத்திக்கிறேன்." அந்த நடை வரவேயில்லை. இருட்டுவதற்குள், தாயும் மகளும் தொற்றிக்கொண்டிருந்த வாழைமரத் தெப்பம் கவிழ்ந்தது. மூன்றாம் நாள் இரண்டு ஊர் தள்ளிக் குழந்தை ஒதுங்கியது.

மொர்ஜினா முகட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஒரு பக்கம் முற்றத்தில் தூக்கிய கைகளோடு இருபது பேர். மறுபக்கம் ஆறு. முதல் தகரத்தின் ஆணிகளைப் பிடுங்கினாள். கீழே கைகள் இன்னும் உயர்ந்தன. அவள் தகரத்தை ஆற்றுப்பக்கம் தள்ளினாள். அது சரிந்து விழுந்து, தண்ணீர் மேல் கொஞ்ச நேரம் பாய் விரித்தது போலக் கிடந்து, ஒரு பக்கம் சாய்ந்து மறைந்தது.

"கை வழுக்கிருச்சா? பாத்து, பாத்து" என்றார் மாத்பர்.

இரண்டாவதும் அதே வழியில் போனது. மூன்றாவதும் போன பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"அடியே, கிறுக்கு புடிச்சிருக்கா ஒனக்கு? இந்தப் பக்கம் குடுடி!"

"அடுத்த நடையில தர்றேன் சாச்சா."

அந்தக் கதை தெரியாதவர் திட்டில் எவருமில்லை. முதலில் ஹாஸ்னா கையை இறக்கினாள். பிறகு ஒவ்வொருவராக இறக்கினார்கள். மாத்பர் ஏணியில் கால் வைத்தார். மேலே சட்டம் நெரிபட்ட சத்தத்தில் காலை எடுத்துக்கொண்டார். "மழை வேற வருதே, புள்ளைங்க எங்க படுக்கும்?" என்று அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டது மொர்ஜினாவுக்குக் கேட்டது. கேட்டும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தகரம் விழும்போதும் அவளுக்கு நெஞ்சுக்குள் இனித்தது. பொய் சொல்வானேன், வெல்லமாக இனித்தது.

கடைசித் தகரம் முற்றத்துப் பக்கம் இருந்தது. நாலாவது ஆணியையும் பிடுங்கி வாயில் கவ்விக்கொண்டாள். பின்சுவருக்கு வெளியே கரை ஒரு பாளம் சரிந்து, வீடு முழுக்க அதிர்ந்தது. "எறங்கிரு அக்கா!" என்று ஹாஸ்னா கத்தினாள்.

நேர் கீழே, கணுக்கால் சேற்றில், மாத்பர் இரண்டு கைகளையும் மேலே நீட்டிக்கொண்டு நின்றார். அதட்டல் போய்விட்டிருந்தது.

"இது ஒண்ண மட்டும் மகளே."

மொர்ஜினா விளிம்பைப் பிடித்தாள். பழைய தழும்பில் தகரம் சரியாகப் பொருந்தியது. வாயில் துருவின் ருசி. ஆற்றிலிருந்து வந்த காற்று தகரத்துக்கு அடியில் புகுந்து, அவள் கைகளுக்குள் அதைப் படபடவென்று தூக்கி அடித்துக்கொண்டிருந்தது.