செங்கோடனின் கவசம்

மாயக் கவசம் என்று யாராவது வாயெடுத்தாலே பத்ரிநாத்துக்கு அலுப்பு தட்டியது. அதைக் கொடுத்தவனும் அவன்தான், இரண்டு வருடமாக அதோடு மாரடிக்கிறவனும் அவன்தான். புலிவாலைப் பிடித்த கதை.

ஞாயிறு மதியம் புனே வாகட்டில் அவன் ஃப்ளாட்டின் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு நாலு பேரும் பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டத்துக்கு உட்காருவார்கள். கதையை நடத்துகிறவன் பத்ரி. பூதம், அரக்கன் எல்லாவற்றுக்கும் அவனே பகடை உருட்ட வேண்டும். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். கேம்ப்பில் சூட்கேஸ் கடை வைத்திருக்கும் ரஃபி ஒரு திருடன். சாங்வியிலிருந்து ஸ்கூட்டியில் வரும் அம்ருதா மந்திரவாதி. பத்ரியின் ஆபீஸிலேயே வேலை பார்க்கும் கௌஷிக், செங்கோடன் என்ற போர்வீரன். அடிபட்டால் உயிர்ப்புள்ளி குறையும். அது தீர்ந்தால் அந்தப் பாத்திரம் செத்தது செத்ததுதான், புது ஆளை வைத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பூதத்திடம் செங்கோடன் சாகக் கிடந்தான். அதே வாரம்தான் கௌஷிக்கின் கழுத்துக் கட்டி புற்றுநோய் என்று ரிப்போர்ட் வந்திருந்தது. பத்ரிக்குக் கை ஓடவில்லை. இவனை நான் எப்படிக் கொல்வேன் என்று நினைத்தான். எந்த அடியும் உள்ளே போகாத கருங்கவசம் ஒன்று செங்கோடனுக்குக் குகைக்குள் கிடைத்ததாகச் சொல்லிவிட்டான். ஆபரேஷன் ஆனது, மருந்து ஆனது, கௌஷிக் தேறினான், வேலைக்கும் திரும்பினான். கவசம் மட்டும் அப்படியே இருந்தது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. செங்கோடனை அசைக்க வேண்டுமே என்று பத்ரி பெரிய அரக்கனாக இறக்கினான். செங்கோடன் அசையவில்லை, ரஃபியின் திருடன்தான் செத்தான். அடுத்த திருடனும் செத்தான். பாவம் என்று அதற்கடுத்த திருடனுக்குப் பறக்கும் செருப்பு கொடுத்தான். அவனுக்கு மட்டுமா என்று அம்ருதா முறைத்ததும் அவளுக்கு இடியைக் கூப்பிடும் கோல். அதற்கு ஈடுகொடுக்க இன்னும் பெரிய அரக்கன். இப்போது சனிக்கிழமை முழுக்க அரக்கன் செய்தே அவனுக்கு இடுப்பு ஒடிகிறது. ஆபீஸ் வேலையே தேவலை என்று தோன்ற ஆரம்பித்திருந்தது.

அன்று அவன் சாய் போடும்போது அம்ருதா சமையலறைக்கு வந்தாள். புனேயிலேயே பிறந்து வளர்ந்தவள், கோபம் வந்தால் தமிழ் தடுமாறும். அன்று தடுமாறவில்லை.

"அடுத்த மாசத்துலேர்ந்து நான் வரல பத்ரி. ஜெயிப்போம்னு முன்னாடியே தெரியுது. அப்புறம் எதுக்கு இந்த டைம்பாஸ்?"

அவள் போனால் ரஃபியும் கடையைக் காரணம் காட்டி நின்றுவிடுவான். கூட்டம் கலைந்துவிடும். புனேயில் பத்ரிக்கு மனிதர்கள் என்று இருந்தது இந்த மூன்று பேர்தான். கவசத்தைக் கழற்றியாக வேண்டும். ஆனால் கழற்றிய மறுவாரம் கௌஷிக்கின் ஸ்கேனில் ஏதாவது வந்துவிட்டால்? படித்தவன் நினைக்கிற நினைப்பா இது என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டினாலும் பயம் போகவில்லை. அம்ருதாவுக்கும் அது தெரியும். அவள் கப்புகளை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்றைய அரக்கன் அமிலம் கக்குகிறவன். கவசத்தைக் கரைப்பதற்கென்றே செய்தது. இதற்கு முன்னும் இப்படிப் பலமுறை செய்து, கடைசி நேரத்தில் கௌஷிக்கின் கழுத்துத் தழும்பைப் பார்த்ததும் பின்வாங்கியிருக்கிறான். அன்றும் அதேதான் நடந்தது. மற்றவர்கள் பார்க்காதபடி முன்னால் வைத்திருக்கும் அட்டைத் தடுப்புக்குப் பின்னால் பகடையை உருட்டினான். சரியாகப் பட்டிருந்தது. ஆனால் அமிலம் கவசத்தில் வழுக்கித் தரையில் வழிந்துவிட்டது என்றான்.

ரஃபி கொட்டாவி விட்டான். கௌஷிக் கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தான்.

"செங்கோடன் கவசத்தக் கழட்டிப் பள்ளத்துல வீசறான்" என்றான்.

பத்ரி வேண்டாம் என்றான். அரக்கன் பக்கத்திலேயே நிற்கிறான், அடுத்த அடி அவனுடையது, விளையாட்டுக்குக்கூட அது நல்ல யோசனை இல்லை என்று என்னென்னவோ சொன்னான். கௌஷிக் முழுவதையும் பொறுமையாகக் கேட்டான்.

"வீட்ல ஒரு தண்ணி கேன் தூக்க விடறதில்ல. ஆபீஸ்ல என் வேலைய எனக்குத் தெரியாம எடுத்துச் செய்யறீங்க. எல்லார்கிட்டயும் இதப் பட்டுட்டு இங்க வந்தா, நீயும் அதேதான். ஞாயித்துக்கிழமையாவது என்னை அடிங்கடா."

சொல்லிவிட்டு, எட்டிப் பத்ரியின் அட்டைத் தடுப்பை மடக்கி நாற்காலிக்கடியில் வைத்தான். இனி மறைக்க இடமில்லை. உருட்டு என்றான்.

பத்ரி பகடையைக் கையில் எடுத்தான். இரண்டு வருடமாகச் சேர்ந்த களைப்பெல்லாம் அந்த ஒரு கையில் இறங்கினாற்போல் இருந்தது. மனசுக்குள் சின்ன எண்ணாக விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டு உருட்டினான். இருபது முகம் உள்ள அந்தப் பகடையில் இருபதே விழுந்தது. அதற்கு மேல் எண்ணே கிடையாது. அடி இரட்டிப்பாகும். கூட்டிப் பார்க்கத் தேவையே இல்லை, செங்கோடன் போய்விட்டான்.

சாவுச் செய்தி கேட்ட பழக்கத்தில் ரஃபி "இன்னாலில்லாஹி" என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

கௌஷிக் அவனைப் பார்த்தான். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். ஆஸ்பத்திரிக்குப் போனதிலிருந்து அவன் அப்படிச் சிரித்து ஒருவரும் பார்த்ததில்லை. அம்ருதாவும் சேர்ந்துகொண்டாள். பத்ரிக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அழுகை வந்தது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி வெட்கமில்லாமல் அழுதான்.

கௌஷிக் எழுந்து சுற்றிவந்து அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தான். நன்றாகவே வலித்தது.

"செத்தது செங்கோடன்டா. நான் இங்கதான் நிக்கறேன், பாரு."