மக்காத சேலை

முளைக்குச்சியை மண்ணில் ஊன்றிச் சுத்தியலை ஓங்கிய வீரய்யாவின் கை பாதியில் நின்றுவிட்டது. தப்பி நின்ற பலாமரத்திலிருந்து பதினெட்டுக் காலடி. கணக்குப் பிசகாது. தங்கச்சி கமலத்தின் அடுப்படி இங்கேதான் இருந்தது.

பன்வில மலையில் மண் சரிந்து, தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயத்தை மூடி ஒன்பது மாதம். மற்றவர்களையெல்லாம் எடுத்தார்கள். கமலத்தை மட்டும் பதினொரு நாள் தோண்டியும் கிடைக்காமல், போதும் என்று மண் வாரும் பெக்கோவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்கள். போதுமாம்! யாருக்குப் போதும்? கட்டிக்கொடுத்த பெண் செத்தால் அண்ணன் வீட்டுக் கோடிச் சேலை உடம்பில் விழ வேண்டும். செய்தி கேட்ட அன்றே வீரய்யா மஹய்யாவவிலிருந்து சேலையோடுதான் வந்தான். குங்குமச் சிவப்பு நைலோன். கிழியாத சேலையாக ஒன்று எடுத்துத் தரச்சொல்லித் தீபாவளிக்கு அவள் கேட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அவன் தட்டிக்கழித்திருந்தான். போர்த்த உடம்பில்லாமல் அது உறைக்குள்ளேயே கிடந்தது.

இப்போது அதே சரிவுக்குக் கூலியாளாக வந்திருக்கிறான், விதியைப் பாருங்கள். புல் விதையைத் தூவி, அதன்மேல் சணல் துணியை உச்சியிலிருந்து பாய்போல் விரித்து, முளையடித்து இறுக்குவது வேலை. இரண்டு வருஷத்தில் துணி மக்கி மண்ணாகிவிடும். அதற்குள் புல் வேர்விட்டு மலையைப் பிடித்துக்கொள்ளும். துணி எங்கும் மண்ணோடு ஒட்டிக் கிடக்க வேண்டும், ஒரு சாண் தூக்கினாலும் தண்ணீர் உள்ளே புகுந்து அரித்துவிடும் என்று மேற்பார்வைக்கு வந்த ஹுஸைன் நானா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

கேட்டுக்கொண்டுதான் இருந்தான். ஆனால் குச்சி கமலத்தின் நெஞ்சில் இறங்கினால்? மறுநாள் சேலையைக் கொண்டுவந்தான். எல்லோரும் சாப்பிடக் கீழே போனதும் அதை விரித்து, சணலை மேலே இழுத்து மூடினான். அந்த அகலத்துக்கு ஒரு குச்சியும் அடிக்கவில்லை. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அன்று அவனுக்குச் சோறு இறங்கியது.

ஐப்பசி பிறந்ததும் மழை கொட்டியது. மூன்று வாரம் கழித்து நானாவோடு எல்லோரும் போய்ப் பார்த்தால் மலை முழுக்கச் சணல் இழைகளுக்கு நடுவே புல் தலைகாட்டியிருந்தது. பலாமரத்துக்குக் கீழே மட்டும் துணி உப்பிக் கிடந்தது. அதன் அடியிலிருந்து சேற்றுத்தண்ணீர் கீழ் லயத்தைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. வேறு இடம் தருகிறோம் என்ற பேச்சு பேச்சாகவே இருக்க, அங்கே ஆறு குடும்பம். கடைசிக் காம்பராவில் கமலத்தின் மகள் இராஜேஸ்வரி, கைக்குழந்தையோடு.

ஹுஸைன் நானா சணலைத் தூக்கினார். சேலை சாயம்கூடப் போகாமல் புதுசாகவே கிடந்தது. அதன் கீழே ஒரு புல் இல்லை. அதில் வழுக்கிய தண்ணீர் ஓரத்து மண்ணை முழங்கால் ஆழத்துக்கு அரித்திருந்தது. ஏச வாயெடுத்தவர் வீரய்யாவின் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார்.

"இது மக்காது வீரய்யாண்ணே. இன்னொரு மழைக்கு இந்த இடம் நிக்காது. கீழ புள்ளைங்க இரிக்காங்க."

"தெரியும் நானா. என் தங்கச்சி மகதான்."

நானா மற்ற ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். வீரய்யா சேலையை இழுத்தான். ஒரு முனை சேற்றில் மாட்டிக்கொண்டு வர மறுத்தது. கீழேயிருந்து யாரோ பிடித்திருப்பதுபோல் இருந்தது, ஐயோ, அவனும் மறுமுனையை விடாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தான். பிறகு பலம்கொண்ட மட்டும் இழுத்தான்.

பள்ளத்தில் மண் போட்டு மிதித்து, விதை தூவி, சணலை ஒட்ட இழுத்தான். குச்சியைக் கையாலேயே அழுத்திப் பார்த்தான். இரண்டு விரற்கடைக்கு மேல் இறங்கவில்லை. கீழே இராஜேஸ்வரியின் கூரைக்கு மேல் அடுப்புப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

"பொறுத்துக்க தாயி" என்று சொல்லிவிட்டுச் சுத்தியலை எடுத்தான்.

குச்சி எதிலும் முட்டாமல் முழுசாக உள்ளே போய்விட்டது. அடுத்ததை எடுத்தான். தோளில் கிடந்த சிவப்புச் சேலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.