ஊசி_சோபா_பச்சை_02

வீடு கட்டி விளையாடும் அந்தக் கணினி விளையாட்டில் யார் வேண்டுமானாலும் சொந்தமாகச் சாமான் செய்து போடலாம். தையல்காரி, மிஷினை மிதித்தது போக மிச்ச நேரத்தில் நாற்பத்திரண்டு சாமான் செய்திருந்தாள். ஒவ்வொரு கோப்புக்கும் முழுப் பெயர்: முதலில் அவளுடைய பட்டப்பெயர் ஊசி, அப்புறம் சாமான், நிறம், எண். ஒரே பெயரில் இரண்டு கோப்பு இருந்தால் கடைசியாக வந்ததைத்தான் விளையாட்டு எடுத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும்.

ஓரகத்திக்குத் தெரியாது. விருந்துக்கு வந்தவள் அத்தனையையும் பென்டிரைவில் அள்ளிக்கொண்டு போனாள். தலையையும் வாலையும் நறுக்கி, சோபா, கட்டில், விளக்கு என்று மொட்டையாகப் பெயர் வைத்து, தனக்கே சூட்டிக்கொண்ட பட்டப்பெயரில் 'மகாராணி செய்தது' என்று இணையத்தில் போட்டாள். பாராட்டு குவிந்தது.

தையல்காரி போனில் கேட்டாள்.

"சோபாங்கிற பேரை உங்களுக்கு மட்டும் எழுதியா குடுத்திருக்கு அக்கா? யாரு வேணா வெச்சுக்கலாம்."

"சரிம்மா," என்றாள் தையல்காரி. அன்று தைத்த சட்டையில் பொத்தானெல்லாம் முதுகுப் பக்கம் போய்விட்டது.

அடுத்ததாகச் செய்த சாமானுக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக மொட்டைப் பெயர் வைத்தாள்: சோபா. பளபளக்கும் கழிப்பறைப் பீங்கான் அது. இலவசத் திரைச்சீலைகளோடு சேர்த்து வெளியிட்டாள். ஓசி என்றால் ஓரகத்தி விடமாட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஓரகத்தி விளையாட்டில் கட்டிய தன் வீட்டை நேரலையில் காட்டினாள். இருநூறு பேர் பார்த்தார்கள். ஹாலில் சோபாக்கள் இருந்த இடத்தில் ஆறு பீங்கான். அவற்றின்மேல் விருந்தாளிகள் கால்மேல் கால் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். "மகாராணி தர்பார் இதுதானா?" என்று ஒருவர் எழுதினார்.

போன் அடித்தது.

"என்னக்கா பண்ணி வெச்சிருக்கீங்க? ஊரே சிரிக்குது."

"சோபான்னு பேரு வெச்சேன். யாரு வேணா வெச்சுக்கலாம்னியே."

"நான் முன்னாடி மகாராணின்னு சேத்துக்கறேன்."

"சேத்துக்க. அந்தப் பேருலயும் ஒண்ணு வரும். கட்டிலுக்கும் வரும், விளக்குக்கும் வரும். எங்கிட்ட பீங்கானுக்குப் பஞ்சமில்ல."

"எந்தப் பேரு போட்டா வராது?"

"தெரியாத மாதிரி கேக்கற பாரு. ஊசி, அடிக்கோடு, சோபா. நடுவுல இடம் விடாத. இணையத்துலயும் அப்படியே மாத்து. நாப்பத்திரண்டையும் ஒவ்வொண்ணா படிச்சுக் காட்டு."

தையல்காரி போனை மிஷின்மேல் சாய்த்துவைத்து, கேட்டுக்கொண்டே நூல் கோத்தாள்.

"முடிஞ்சுது. பீங்கானைத் தூக்கிடுவீங்கல்ல?"

"எதுக்கு? அதுக்கும் ஒழுங்கா முழுப் பேரு வெச்சுட்டேன்."

"என்ன பேரு?"

"மகாராணி, அடிக்கோடு, பீங்கான், அடிக்கோடு, வெள்ளை."