பேன் பார்த்த கை

கல் குவாரியில் பதினெட்டு வருடம் ஜல்லி சுமந்து இடுப்பு விட்டுப்போனவளுக்கு ஓணான் பிடிக்கிற வேலை பெரிய விடுதலை. கழி நுனியில் நைலான் சுருக்கு. பாறைமேல் வெயில் காயும் ஓணானின் கழுத்தில் அதை மாட்டி, துணிப்பையில் போட்டு, ஆராய்ச்சி செய்கிற மேடத்தின் அறையில் சேர்க்க வேண்டும். மேடம் கண்ணாடி வைத்துப் பார்த்து ஏதோ எழுதுவாள். என்ன எழுதுகிறாள் என்று இவளும் கேட்டதில்லை; அவளும் சொன்னதில்லை.

"வேலியில போற ஓணானை மடியில விட்டுக்கிட்டு, அப்புறம் குத்துது குடையுதுன்னு என்கிட்ட வராதே" என்று புருஷன் முதல் நாளே கிண்டலடித்திருந்தான்.

அறுபத்திரெண்டாவது ஓணானைப் பார்த்து முடித்த அன்று மேடத்துக்குத் தலைகால் புரியவில்லை.

"அக்கா, ஆத்தோரத்து ஓணானுக்கெல்லாம் ஆளுக்கு இருபது முப்பது உண்ணி. நீங்க குவாரியில பிடிச்ச அறுபத்திரெண்டுல ஒண்ணு மேலயும் இல்லை! கல்லுத்தூசியில உண்ணி பிழைக்காதுன்னு எழுதி அனுப்பப்போறேன். ரெண்டு வருஷ உழைப்பு!"

இவள் தன் விரல் நகங்களைப் பார்த்துக்கொண்டாள்.

கழுத்து மடிப்பில் சிவப்பாய் அப்பிக்கிடந்த உண்ணியை ஒன்றுவிடாமல் கிள்ளி எறிந்தது இவள்தான். மூன்று மகள்களுக்குப் பேன் பார்த்த கை, சும்மா இருக்குமா? ஒருவரிடம் ஒப்படைக்கிற பொருளை அழுக்கோடா கொடுப்பது?

சொன்னால் வேலை போகும். மறுபடி ஜல்லிக்கூடை. இந்த இடுப்பு ஒரு வாரம் தாங்காது. ஆனாலும் தன் கை பண்ணினதுக்கு மேடம் தப்பாக எழுதி அனுப்புவதா?

மறுநாள் காலை ஒரு ஓணானைக் கை வைக்காமல் அப்படியே கொண்டுபோய் மேசையில் பிடித்துக் காட்டினாள். மேடம் எண்ணினாள். இருபத்துமூன்று.

"இது எங்க பிடிச்சது?"

"அதே பாறைதான் மேடம். மத்ததையெல்லாம் நான்தான் சுத்தம் பண்ணிக் கொண்டாந்தேன். தெரியாமப் பண்ணிட்டேன்."

"எத்தனை நாளா?"

"முதல் நாள்லேருந்து."

மேடம் பென்சிலைக் கீழே வைத்தாள். "கழுத்துல சின்னச் சின்னப் புண்ணு இருந்துச்சு. பார்த்தேன்" என்றாள், தனக்கே சொல்வதுபோல. பிறகு, "வேற யாருக்காவது தெரியுமா?"

"வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது."

மேடம் பென்சிலால் எழுதியிருந்த இருபத்துமூன்றை ரப்பரால் அழித்தாள்.

"இதைக் கொண்டுபோய் விட்டுடுங்க அக்கா. நாளைக்கு எப்பவும்போல கொண்டாங்க."

"எப்பவும்போலன்னா?"

மேடம் தலை நிமிராமல் ரப்பர் தூளை ஊதித் தள்ளினாள்.

வேலை போகவில்லை. பாறைக்குத் திரும்பிப் பையை அவிழ்த்தாள். ஓணானை விடும்போது நகம் தானாக அதன் கழுத்துக்குப் போனது. சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டாள்.