சும்மா இராத கை

…இந்த ஃபிட்ஜெட் என்கிற ஆங்கில வார்த்தைக்கு மட்டும் தமிழில் ஒன்று அகப்பட மாட்டேன் என்கிறது, நெளிகிறான் என்று போட்டால் புழு ஞாபகம் வருகிறது, தவிக்கிறான் என்றால் யாரோ செத்துப்போன மாதிரி இருக்கிறது, இருப்புக்கொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறான்… நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் அடுத்த வசனத்தையே பேசி முடித்துவிடுவான். பார்வையில்லாதவர்களுக்குப் படத்தைச் சொல்லிக் காட்டுவதற்கு எழுதித் தருகிற வேலை எனக்கு, வசனத்துக்கு வசனம் கிடைக்கிற இண்டு இடுக்கில் திரையில் நடப்பதைச் சொல்லிவிட வேண்டும், ஆங்கிலத்தில் ஏற்கெனவே எழுதியிருப்பார்கள், அதை நான் தமிழில் கொண்டுவர வேண்டும். இந்தப் படத்தில் ஒருவன் வக்கீல் அலுவலகத்தில் காத்திருக்கிறான், காத்திருந்துகொண்டே இருக்கிறான், அவன் உட்கார்ந்திருக்கிற லட்சணத்துக்கு ஆங்கிலத்தில் வார்த்தைகளை வாரி இறைத்திருக்கிறார்கள், ஃபிட்ஜெட், ஸ்குவிர்ம், ட்விட்ச், ஜிட்டர்… சும்மா உட்காரத் தெரியாததற்கு இத்தனை வார்த்தையா, அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு இன்னும் நாலு வேண்டும். இதோ, கூடத்தில் கேட்கிறது, டொக் டொக் டொக், நாற்காலிக் கையில் என் வீட்டுக்காரருடைய விரல், காலையிலிருந்து இதே கதை, எனக்குத் தலைக்குள்ளேயே தட்டுகிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் மனுஷர் ஓய்வாக இருப்பார் என்று நினைத்தேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும். கட்டட வரைபடம் போடுகிறவர், அளவுகோல் இல்லாமலே நேர்கோடு போடுகிற கை என்று அலுவலகத்தில் பேர், வீட்டுக்கு வந்த பிறகு ஒரு பென்சிலைத் தொட்டதில்லை, கேட்டால் சலிச்சுப்போச்சு என்கிறார். எல்லாமே சலித்துவிட்டது, நான் உள்பட. என் எதிரே உட்கார்ந்தாலே அந்தக் கை ஆரம்பித்துவிடும், எப்போது எழுந்து ஓடலாம் என்று பார்க்கிறவரைப் போல. சும்மா இருக்க மாட்டீங்களா, இப்ப எந்த ரயிலைப் பிடிக்கப் போறீங்க என்று எத்தனை தடவை வள்ளென்று விழுந்திருக்கிறேன், உடனே கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்வார். சட்டையை விட்டுவிட்டு பட்டன் இல்லாத பனியன் சட்டையாக வாங்கிப் போட்டுக்கொண்டார், இந்த வயசில் யாருக்காக இந்த அலங்காரம் என்று அதற்கும் ஒரு எரிச்சல். கையெழுத்து எறும்பு மாதிரிச் சிறுத்துப்போய் வங்கியில் திருப்பி அனுப்பினார்கள், கையெழுத்துலகூடவா கஞ்சத்தனம் என்றேன், அங்கேயே, அத்தனை பேர் முன்னால்… சிரித்தார் என்றுதான் ஞாபகம். இதில் நாளுக்கொரு தடவை, தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வாயேன், நான் பாத்துக்கறேன். விரட்டுகிறார், வேறென்ன. சரி, போகிறேன் என்று தங்கைக்குச் சொல்லியாகிவிட்டது, கொஞ்ச நாள் என்று சொன்னேன், எவ்வளவு நாள் என்று அவளும் கேட்கவில்லை, நாளைக்குப் பயணம், பெட்டி கட்டிலுக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவரிடம் கோபித்துக்கொள்ளக்கூடத் தெம்பில்லை. அசதிதான், வேறொன்றுமில்லை.

போன் அடித்தது. காது. நான் எழுதுவதையெல்லாம் கேட்டுச் சரிபார்க்கிறவன், பிறவியிலேயே பார்வை கிடையாது, அலுவலகத்தில் எல்லோரும் வைத்த பேர் அது, அவனே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்வான். "அக்கா, காது பேசறேன். 'பொறுமையிழந்து உட்கார்ந்திருக்கிறான்'னு போட்டிருக்கீங்க. அது உங்க முடிவு அக்கா. அவன் என்ன பண்றான்னு மட்டும் சொல்லுங்க, பொறுமை இருக்கா இல்லையான்னு நான் பாத்துக்கறேன்." "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானப்பா, கை காலை ஆட்டிட்டிருக்கறவன் வேற எப்படி இருப்பான்?" "எனக்கு எப்படித் தெரியும், நான் என்ன பாத்தேனா?" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டான். அவன் சொல்வது சரிதான், இந்த வேலையில் முதல் விதியே அதுதான், கண்ணுக்குத் தெரிவதைச் சொல், காரணத்தைச் சொல்லாதே, புதிதாக வருகிறவர்களுக்கு நானே சொல்லிக்கொடுப்பது. காரணத்தைச் சொல்லாமல் எப்படிச் சொல்வது… இதற்கு எதற்குத் திரையைப் பார்க்க வேண்டும், இந்த வித்தையில் கைதேர்ந்தவர் கூடத்திலேயே இருக்கிறாரே, பார்த்து எழுதினால் போயிற்று, இதற்காவது உபயோகப்படட்டும் என்று எழுந்து போய்க் கதவோரம் நின்றேன்.

நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னலைப் பார்க்கிறார். வலது கை மட்டும், கட்டை விரல் ஆள்காட்டி விரலை உரசுகிறது, மாத்திரை உருட்டுகிற மாதிரி, நகம் நாற்காலியில் படுகிறது. கால் அசையவில்லை. முகம் அசையவில்லை… முகத்தில் அவசரம் கொஞ்சம்கூட இல்லை, அப்படியானால் கைக்கு மட்டும் என்ன அவசரம்? காபிக் கோப்பையை எடுக்கிறார், கை நிற்கிறது. குடிக்கிறார். கீழே வைக்கிறார், கை மடிக்கு வந்ததும் மறுபடி தொடங்குகிறது. அவர் குனிந்து அதைப் பார்க்கிறார். அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்க்கிற மாதிரி, அதட்டவும் முடியாமல், பார்க்கிறார். பிறகு இடது கையால் அதைப் பிடித்துக்கொள்கிறார், விடவில்லை, பிடித்துக்கொண்டே இருக்கிறார்.

பட்டன். பென்சில். அந்த எறும்புக் கையெழுத்து. ஐயோ, அத்தனை பேர் முன்னால். இது என்ன வியாதி என்று பேர் தெரியவில்லை, பேர் தெரிந்துகொள்ள பயமாகவும் இருந்தது, ஒன்று மட்டும் தெரிந்தது, அவர் அதை ஆட்டவில்லை, அது தானாக ஆடுகிறது.

நிழல் பட்டதோ என்னவோ, திரும்பினார், கை சட்டென்று தொடைக்கு அடியில் போனது. "என்ன, பெட்டி கட்டி முடிச்சிட்டியா?"

"இல்ல."

"நாளைக்குக் கிளம்பணும்ல? போய்க் கட்டு. போயிட்டு நிதானமா வா, எனக்கென்ன."

விரட்டுகிறார் என்று நினைத்தேனே… இவருக்கு எத்தனை நாளாகத் தெரியும்? எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் எழுந்து போனால் கையை வெளியே எடுக்கலாம் என்று அவர் காத்திருந்தார். நான் எழுந்திருக்கவில்லை.